ஒற்றை ஹெட்லைட் லாரி



அழைப்பிதழில் தலைப்பைப் பார்த்தவர்கள் ஏதோ விபத்தைப் பற்றிய பேச்சு என்று நினைத்திருக்கலாம். விபத்து ஒன்றும் இல்லை. ஒரு லாரியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். இரண்டாம் உலகப் போரில் சோவியத் படைகளுக்காக மாவு மூட்டையும் வெடிமருந்தும் காயம்பட்டவர்களையும் சுமந்த லாரி அது. பெயர் காஸ் எம்எம். அதன் பிளாஸ்டிக் மாதிரியை, 35-இல் ஒரு பங்கு அளவில், துண்டு துண்டாக வெட்டி, ஒட்டி, வர்ணம் பூசிக் கட்டுகிற வேலையைத்தான் இன்று உங்கள் முன் வைக்கப் போகிறேன்.

மாதிரி கட்டுகிறவர்களில் பெரும்பாலோர் டாங்கி கட்டுவார்கள், போர் விமானம் கட்டுவார்கள். லாரி கட்டுகிறவனைப் பார்த்தால் அவர்களுக்கே கொஞ்சம் சிரிப்பு வரும். வரட்டும். அமெரிக்கத் தளபதி ஐசனோவர் போருக்குப் பிறகு எழுதிய நூலில், வெற்றிக்கு மிக முக்கியமாக இருந்தவை என்று மூத்த அதிகாரிகள் கருதிய நான்கு சாதனங்களைச் சொல்கிறார். புல்டோசர், ஜீப், இரண்டரை டன் லாரி, சி-47 விமானம். இந்த நான்கில் ஒன்றுகூடச் சண்டை போடுவதற்காகச் செய்யப்பட்டதில்லை என்று அவரே வியக்கிறார். சண்டை போடுகிறவனுக்குச் சோறு யார் கொண்டுபோவது? குண்டு யார் கொண்டுபோவது? அடிபட்டு விழுந்தால் அள்ளிக்கொண்டு வருவது யார்? லாரிதானே!

சரி, நம்முடைய லாரிக்கு வருவோம். அதன் பூர்வீகம் அமெரிக்கா. 1929-இல் சோவியத் அரசும் ஃபோர்டு கம்பெனியும் ஓர் ஒப்பந்தம் போட்டன. ஃபோர்டின் ‘ஏஏ’ லாரியைச் சோவியத் மண்ணிலேயே செய்துகொள்ள வழி பிறந்தது. வோல்கா ஆற்றங்கரையில் நீஷ்னி நோவ்கோரத் நகரில் தொழிற்சாலை எழுந்தது. 1932 ஜனவரியில் முதல் லாரிகள் வெளியே வந்தன. அதே ஆண்டு அந்த ஊருக்கு மாக்சிம் கோர்க்கியின் பெயரைச் சூட்டினார்கள். ‘தாய்’ நாவல் படித்தவர்கள் இந்த அரங்கில் நிறையப் பேர் இருப்பீர்கள், அந்தக் கோர்க்கியேதான். ஊர் பெயர் மாறியதும் லாரியின் பெயரும் மாறியது. காஸ் என்றால் கோர்க்கி மோட்டார் தொழிற்சாலை.

எப்படிப்பட்ட லாரி? நாலு சிலிண்டர் இன்ஜின். முதலில் 40 குதிரைசக்தி, அப்போது பெயர் காஸ் ஏஏ. 50 குதிரைசக்தி இன்ஜின் வைத்த பிறகு எம்எம் என்று பெயர். சுமை ஒன்றரை டன். பெட்ரோல் பம்ப் கிடையாது. முன்கண்ணாடிக்குக் கீழே, ஓட்டுகிறவரின் முழங்காலுக்கு நேர் முன்னால் டேங்க். பெட்ரோல் தன் எடையிலேயே இன்ஜினுக்கு இறங்கும். ஷாக் அப்சார்பர் கிடையாது. பேட்டரி படுத்துவிட்டதா? முன்னால் கைப்பிடியைச் செருகிச் சுற்ற வேண்டியதுதான். மட்டமான பெட்ரோலிலும் ஓடும். எது கெட்டாலும் வழியிலேயே சுத்தியலும் ஸ்பானரும் வைத்துச் சரிசெய்துவிடலாம். ஆக, போர் வருவதற்கு முன்பே அது எளிமையான வண்டி. இதற்கு மேல் எதைக் குறைப்பது என்று நமக்குத் தோன்றும்.

போர் குறைத்தது! 1941 ஜூன் 22 அன்று ஜெர்மனி படையெடுத்தது. நல்ல எஃகுத் தகடெல்லாம் ஆயுதங்களுக்குப் போயிற்று. லாரிக்கு மிஞ்சியது என்ன? 1942-இல் கோர்க்கி தொழிற்சாலை தன் லாரியிலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்ற ஆரம்பித்தது. வலது ஹெட்லைட்டா? வேண்டாம், இடது பக்கம் ஒன்று போதும். முன் பம்பரா? வேண்டாம். முன் சக்கரத்துக்கு பிரேக்கா? வேண்டாம், பின் சக்கரத்தில் இருக்கிறதே. கதவா? வேண்டாம், கித்தான் துணி தொங்கட்டும். கேபினுக்கு இரும்பா? வேண்டாம், பலகை அடி. சரக்குப் பெட்டியின் மூன்று பக்கமும் திறக்க வேண்டுமா? வேண்டாம், பின்பலகை மட்டும் திறந்தால் போதும்.

இந்த ‘வேண்டாம்’களில் என் மனதுக்கு மிக நெருக்கமானது மட்கார்டு. போருக்கு முந்தைய வண்டியின் மட்கார்டு அழகாக உருண்டு வளைந்து இறங்கும். அப்படி வளைவாக அழுத்தி எடுக்க நல்ல தரமான தகடு வேண்டும். மட்டத் தகட்டைப் பிரஸ்ஸில் கொடுத்தால் கிழிந்துவிடும். அதனால் போர்க்கால வண்டியில் சாதாரணத் தகட்டை வெட்டி, நேர்கோடாக மடித்து, அப்படியே பொருத்திவிட்டார்கள். மட்கார்டின் வளைவு போய் மடிப்பு வந்த இடத்தில் ஒரு தேசத்தின் எஃகுப் பஞ்சம் அப்பட்டமாகத் தெரிகிறது. புத்தகத்தில் இதைப் படித்தால் ஒரு வரி, அவ்வளவுதான். அந்த மடிப்பைத் தேய்த்துக் கூராக்கி, இரண்டு பக்கமும் சமமாக உட்காருகிறதா என்று பார்த்துப் பார்த்து ஒட்டியவனுக்கு அது மறக்காது.

இப்போது மாதிரியின் உறுப்புகள் வருகிற கிட் பெட்டியைத் திறப்போம்.

இந்த லாரியை 35-இல் ஒரு பங்கு அளவில் செய்து விற்பது கீவ் நகரத்தின் மினிஆர்ட் நிறுவனம். போருக்கு முந்தைய காஸ் ஏஏ தனிப் பெட்டி; 1943-ஆம் ஆண்டு எம்எம் தனிப் பெட்டி. அது ஏன் 35? பிள்ளைகள் கேட்பீர்கள் என்று தெரியும். நூறில் ஒன்று, ஐம்பதில் ஒன்று என்றால் கணக்குக்குச் சுலபம். ஆனால் 1960-களின் தொடக்கத்தில் ஜப்பானின் ஷிசுவோகா நகரத்து தமியா நிறுவனம் ஜெர்மன் பேந்தர் டாங்கியை மோட்டாரில் ஓடும் கிட்டாகச் செய்தது. உள்ளே மோட்டாரும் பேட்டரியும் அடங்க வேண்டும். அவை அடங்குகிற அளவுக்கு டாங்கியைச் செய்துவிட்டு, பிறகு கணக்குப் பார்த்தார்கள்: 35-இல் ஒன்று! அவ்வளவுதான் காரணம். மற்ற நிறுவனங்களும் அதையே பிடித்துக்கொண்டன. ஒரு பேட்டரியின் பருமன் உலகம் முழுவதற்கும் சட்டமாகிவிட்டது.

நம் லாரியின் உண்மை நீளம் 5.33 மீட்டர். மாதிரியில் 15 சென்டிமீட்டர் சொச்சம். உள்ளங்கையில் வைத்தால் விரல்களின் மேல் நீண்டு நிற்கும். இத்தனைச் சின்ன வண்டிக்கு இன்ஜின் உண்டு, கியர்பாக்ஸ் உண்டு, ரேடியேட்டர் உண்டு, பெடல் உண்டு, பிரேக் கம்பி உண்டு. சில உறுப்புகள் அரிசி நொய் அளவுதான் இருக்கும். உறுப்புகள் எல்லாம் ஸ்ப்ரூ என்ற பிளாஸ்டிக் சட்டத்தில் காம்போடு ஒட்டிக்கொண்டிருக்கும். காம்பை வெட்டி எடுக்க வேண்டும். ஸ்டீயரிங் கம்பி போன்ற மெல்லிய உறுப்பில் காம்பின் பருமன் உறுப்பின் பருமனுக்கே சமமாக இருக்கும்! அதை ஒரே வெட்டாக வெட்டினால் உறுப்பு முறியும். முதலில் காம்பைத் தள்ளி வெட்டி, இறுக்கத்தைத் தளர்த்தி, பிறகுதான் உறுப்பை ஒட்டி வெட்ட வேண்டும். ட்வீசரில் அழுத்திப் பிடித்தால் துள்ளிப் பறக்கும். பறந்தது கிடைக்காது. மடியில் ஒரு வெள்ளைத் துண்டை விரித்து, அதன் மறு ஓரத்தை மேசையில் கிளிப் போட்டுவிட்டு உட்காருவது என் பழக்கம். வீட்டில் துண்டுக்கு ஆட்சேபம் உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பசை என்று வாய்வழக்காகச் சொல்கிறோமே, பிளாஸ்டிக் மாதிரிக்குப் போடுவது ஒட்டுகிற பசை கிடையாது, கரைப்பான். இரண்டு உறுப்புகளைச் சேர்த்துப் பிடித்து, இடுக்கின் ஓரத்தில் தூரிகை நுனியால் ஒரு சொட்டு தொட்டால் போதும். அது தானே இடுக்குக்குள் ஓடும். இரண்டு பக்கத்துப் பிளாஸ்டிக்கும் இளகி, ஒன்றோடொன்று கலந்து, காய்ந்தபின் ஒரே துண்டாகிவிடும். காய்வதற்குள் கொஞ்ச நேரம் அசைத்துச் சரிசெய்யலாம். இந்தக் கொஞ்ச நேரம்தான் சேஸிஸ் கட்டுகிறவனுக்குக் கிடைக்கிற வரம்.

ஏனென்றால் சேஸிஸ்தான் இந்த வேலையின் உயிர். இரண்டு நீளச் சட்டம், குறுக்கே சில சட்டங்கள். ஒன்று அரை மில்லிமீட்டர் சாய்ந்தாலும், கடைசியில் நாலு மூலையில் ஒரு மூலைச் சக்கரம் தரையைத் தொடாது. உருளுகிற பொம்மைக்கு அது பரவாயில்லை; அசையாமல் நிற்கிற மாதிரியில் உடனே கண்ணில் குத்தும். சட்டத்தை ஒட்டியதும் சமதளக் கண்ணாடித் துண்டின்மேல் வைத்து, மூலைமட்டம் பிடித்து, காய்கிறவரை மேலே எடை வைக்க வேண்டும். அவசரக்காரர்கள் இந்த இடத்திலேயே தெரிந்துவிடுவார்கள்.

சேஸிஸ் கட்டும்போது லாரி நம்மோடு பேச ஆரம்பிக்கிறது. முன் ஆக்ஸிலுக்கு இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்று என்று ஸ்பிரிங் பட்டை தேடினால் கிடைக்காது. குறுக்காக ஒரே பட்டை; பழைய ஃபோர்டு கார்களில் இருந்த அதே ஏற்பாடு. பின்னால் இரண்டு பட்டை, ஆனால் பட்டையின் நடுப்பகுதியும் முன்முனையும் சட்டத்தைப் பிடித்திருக்க, பின்முனை மட்டும் ஆக்ஸிலைத் தாங்குகிறது. எடை இறங்கும் வழி என்ன, மேடு பள்ளத்தில் எது தூக்கும், எது வாங்கும் என்பதெல்லாம் ட்வீசர் நுனியில் புரிகிறது. பிறகு முன்சக்கரத்துக்கு வருகிறோம். 1943 வண்டியில் அங்கே பிரேக் டிரம் இருக்கக் கூடாது. அதற்குப் போகும் கம்பியும் இருக்கக் கூடாது. தலைகீழாகத் திருப்பிப் பார்த்தால்தான் தெரியும். யார் திருப்பிப் பார்க்கப் போகிறார்கள்? யாரும் பார்க்க மாட்டார்கள். ஆனாலும் ஒட்டியவனுக்குத் தெரியுமே!

இங்கேதான் நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். பொதுவாக மாதிரி கட்டுகிறவனின் ஆசை எதையாவது கூட்டுவது. இன்னும் ஒரு கொக்கி, இன்னும் ஒரு கயிறு, இன்னும் ஒரு மண்வெட்டி. பெட்டிக்குள்ளும் அந்த ஆசைக்குத் தீனி உண்டு. ஒரே ஸ்ப்ரூ சட்டத்தைப் பல ஆண்டு வண்டிகளுக்கும் பொதுவாகப் போடுவது கிட் நிறுவனங்களின் வழக்கம். ஆகவே நம் வண்டிக்கு வேண்டாத உறுப்பும் அதில் பளபளவென்று தொங்கிக்கொண்டிருக்கும். கை பரபரக்கும். ஒட்டக் கூடாது! அந்தத் தொழிற்சாலை எதை எதை விட்டதோ அதை நாமும் விட வேண்டும். இல்லாத ஹெட்லைட்டின் இடத்தை வெறுமையாக வைப்பதுதான் இந்த லாரியின் கடினமான வேலை. தடித்த நூல்களில் ‘மூலப்பொருள் தட்டுப்பாடு’ என்று போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போகிற விஷயத்தை, இந்தச் சின்ன வண்டி வெற்றிடமாகக் காட்டுகிறது.

இது இந்தச் சோவியத் வண்டிக்கு மட்டும் நேர்ந்த கதியா? இல்லை. அமெரிக்காவின் ஜிஎம்சி இரண்டரை டன் லாரியும் இரும்புக் கேபினை விட்டுக் கித்தான் கூரைக்கு வந்தது. சரக்குப் பெட்டியும் மரமாயிற்று. ஜெர்மனியின் ஓப்பல் பிளிட்ஸ் லாரிக்குக் கடைசிக் காலத்தில் மரக் கேபின் வந்தது. ஆனால் கோர்க்கி வண்டி அளவுக்கு இந்த இரண்டிலும் கழற்றவில்லை. போதாக்குறைக்கு 1943 ஜூனில் ஜெர்மன் விமானங்கள் இரவு இரவாக வந்து அந்தத் தொழிற்சாலையையே குண்டு வீசித் தகர்த்தன. அதைத் திரும்பக் கட்டிக்கொண்டே வண்டியும் செய்தார்கள்.

தகடு பற்றி இன்னும் ஒரு கணக்கு. பிள்ளைகள் மனக்கணக்காகப் போடுங்கள். அச்சில் வார்த்த பிளாஸ்டிக் மட்கார்டின் தடிமன் அரை மில்லிமீட்டர் என்று வையுங்கள். 35-ஆல் பெருக்கினால் எவ்வளவு? பதினேழரை மில்லிமீட்டர்! மட்கார்டா அது? சோவியத்தின் டி-26 டாங்கியின் கவசமே 15 மில்லிமீட்டர்தான்! என்ன செய்வது? முழு மட்கார்டையும் மெல்லியதாக்க முடியாது, நொறுங்கிவிடும். ஓரத்தை மட்டும், கீழ்ப்பக்கமாகச் சாய்த்து, அரத்தாலும் உப்புத்தாளாலும் கத்தி முனைபோல் தேய்க்கிறோம். பார்க்கிற கண்ணுக்கு ஓரம்தான் தெரியும். ஓரம் மெல்லியதென்றால் முழுத் தகடும் மெல்லியது என்று கண் நம்பிவிடும். தேய்த்தும் தீராத இடங்களுக்குப் பித்தளை உறுப்புகள். மெல்லிய பித்தளைத் தகட்டை அமிலத்தில் அரித்து வடிவெடுத்தவை. தீயில் ஒரு நொடி காட்டினால் இளகும், சொன்னபடி மடியும். பிளாஸ்டிக் கரைப்பான் பித்தளையை ஒட்டாது. கடையில் வாங்குகிற ஃபெவிக்விக் வகைப் பசைதான் ஒட்டும். ஊசி முனையில் எடுத்துத் தொட வேண்டும். ஒரு சொட்டு கூடினால் பின்பலகையின் கொக்கி கொக்கியாக இருக்காது, கொழுக்கட்டையாகிவிடும்.

சரி, லாரி தயார். எங்கே நிறுத்துவது? இந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் மாதிரி கட்டுகிறவர்களில் பலரும் லடோகா ஏரிக்குப் போகிறோம்.

1941 செப்டம்பர் 8-இலிருந்து லெனின்கிராட் நகரம் ஜெர்மன் முற்றுகையில். தரைவழி அடைபட்டது. மிச்சம் இருந்த முக்கிய வழி அருகேயுள்ள லடோகா ஏரிதான். அந்த நவம்பர் 20-ஆம் தேதி ரொட்டிப் பங்கீடு தொழிலாளிக்கு 250 கிராம், மற்ற பெரும்பாலோருக்கு 125 கிராம் என்று இறங்கியது. ஒரு நாள் முழுவதற்கும் 125 கிராம்! ஏரி உறைய உறைய, பனியின்மேல் பாதை போட்டார்கள். முதலில் குதிரைச் சறுக்குவண்டிகள். நவம்பர் 22 அன்று முதல் லாரி வரிசை இறங்கியது. 60 லாரிகள். மறுகரையிலிருந்து அவை கொண்டுவந்த மாவு எவ்வளவு தெரியுமா? 33 டன்.

இந்தக் கணக்கில் கொஞ்சம் நில்லுங்கள். ஒன்றரை டன் லாரிகள் 60 என்றால் 90 டன் வந்திருக்க வேண்டும். வந்தது லாரிக்குச் சுமார் அரை டன். ஏன்? பனி தாங்காது. மெல்லிய பனியில் முழுச் சுமை ஏற்றினால் வண்டியோடு ஏரிக்குள் போக வேண்டியதுதான். பனிப்பாதைக் காட்சி அமைக்கிற பலர் என்ன செய்கிறார்கள்? சரக்குப் பெட்டி நிறைய மூட்டைகளைக் கோபுரமாக அடுக்கிவிடுகிறார்கள். பார்க்கக் கம்பீரமாக இருக்கும். முதல் நாள் ஓடிய லாரி அப்படி இல்லை. மூட்டை 50 கிலோ என்று வைத்துக்கொண்டால் பத்து மூட்டை. பெட்டியின் தரைப் பலகை தெரிய வேண்டும். அந்தப் பத்து மூட்டைக்காகத்தான் ஒரு நகரம் காத்துக் கிடந்தது.

ஓட்டுகிறவர்கள் கதவைத் திறந்து வைத்துக்கொண்டே ஓட்டினார்கள். சிலர் கழற்றியே விட்டார்கள். பனி விரிசல் விட்டால் குதிக்க வேண்டுமே! வேகம் கூடினால் ஆபத்தும் கூடும் என்று நினைக்கிறோம். அதுவும் முழு உண்மை இல்லை. லாரி போகப் போக அதன் எடையில் பனி குழிந்து, அடியில் இருக்கும் தண்ணீரில் அலை எழுகிறது. லாரியின் வேகமும் அலையின் வேகமும் ஒன்றானால் அலை உயர்ந்து பனியைப் பிளந்துவிடும். இயற்பியலாளர் பாவெல் கொபெகோவும் அவரது சகாக்களும் பனியின் அசைவை அளக்கும் கருவிகளைச் செய்து ஏரியில் பதித்து, மணிக்கு 35 கிலோமீட்டரை ஒட்டிய வேகம் பொல்லாதது என்று கண்டார்கள். அதற்குக் கீழே போ, அல்லது மேலே போ. அந்த வேகத்தில் மட்டும் போகாதே! ஒரே சுமையோடு போன இரண்டு லாரிகளில் ஒன்று கரை சேர்ந்ததற்கும் மற்றது மூழ்கியதற்கும் வேகமுள் நின்ற இடம் காரணமாக இருந்திருக்கலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. ஒற்றை ஹெட்லைட், மடித்த மட்கார்டு, கதவில்லாத கேபின்: இந்த 1943 வண்டியைக் கொண்டுபோய் 1941 நவம்பர் பனியில் நிறுத்தக் கூடாது. அப்போது இந்த வண்டி பிறக்கவே இல்லை. முதல் குளிர்காலத்தில் ஓடியவை போருக்கு முந்தைய வண்டிகள்; இரண்டு ஹெட்லைட், உருண்ட மட்கார்டு, முறையான கதவு. ஒரு வண்டியில் கதவைத் தொழிற்சாலை நிறுத்தியது. இன்னொரு வண்டியில் ஓட்டுநர் உயிருக்குப் பயந்து கழற்றினார். பார்வைக்கு இரண்டும் ஒரே ஓட்டைதான். ஆனால் ஒன்றில் கதவுக் கீல் இருக்கும், மற்றதில் கீல் இருக்காது. அந்தக் கீலின் அளவு மாதிரியில் ஒரு மில்லிமீட்டர்கூட வராது!

வர்ணம் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சோவியத் வண்டிகளின் பச்சைக்கு 4பிஓ என்று பெயர். அது எந்தப் பச்சை என்பதில் மாதிரிக்காரர்களுக்குள் நடக்கிற சண்டை பட்டிமன்றத்துக்குப் போதும். நான் அதற்குள் போகவில்லை. குளிர்காலத்தில் அதன்மேல் வெள்ளை அடிப்பார்கள். மழையிலும் உராய்விலும் அது உரியும். இந்த உரிதலைக் காட்ட ஒரு தந்திரம் உண்டு. பச்சை காய்ந்ததும் தலைமுடிக்கு அடிக்கிற ஹேர்ஸ்ப்ரேயை மெல்லியதாக அடியுங்கள். அதன்மேல் தண்ணீரில் கரையும் வெள்ளையை அடியுங்கள். பிறகு ஈரத் தூரிகையால் தேயுங்கள். அடியிலுள்ள ஹேர்ஸ்ப்ரே தண்ணீரில் இளக, மேலே உள்ள வெள்ளை செதில் செதிலாகக் கழன்று பச்சை எட்டிப் பார்க்கும். எங்கே தேய்ப்பது? கால் வைத்து ஏறும் படி, பின்பலகையின் மேல்விளிம்பு, இன்ஜின் மூடியைத் தூக்கப் பிடிக்கிற இடம். ஆளின் கையோ காலோ பட்ட இடத்தில்தான் அதிகம் உரியும். கண்ட இடத்தில் உரித்தால் வண்டிக்குச் சொறி பிடித்தது போலத்தான் இருக்கும்.

போர் வண்டியைப் பொம்மையாக்கிப் பிள்ளைகள் கையில் கொடுக்கலாமா என்று ஒரு தாயார் சீட்டு எழுதி அனுப்பியிருக்கிறார்கள். நியாயமான கேள்வி. துப்பாக்கி பொம்மையை நானும் வாங்கிக் கொடுக்க மாட்டேன். ஆனால் இந்த லாரியைக் கட்டுகிற பிள்ளை எதைத் தெரிந்துகொள்கிறது? ஒரு நாள் ரொட்டி 125 கிராம் என்று தெரிந்துகொள்கிறது. போர் என்றால் முதலில் வீட்டு அடுப்பிலும் லாரிக் கதவிலும் கைவைக்கும் என்று தெரிந்துகொள்கிறது. இதில் வீரம் பேச இடமில்லை, கணக்குதான் இருக்கிறது. கூர்மையான கத்தி புழங்குவதால் பத்து வயதுக்குக் கீழே தனியாக விடாதீர்கள். கரைப்பான் நெடி ஆகாது, ஜன்னலைத் திறந்து வையுங்கள். என் ஆட்சேபம் இவ்வளவுதான்.

மாதிரியை வாசலருகே மேசையில் வைத்திருக்கிறேன். போகும்போது பாருங்கள். சேஸிஸ் தெரிய வேண்டும் என்பதற்காகக் கீழே கண்ணாடி வைத்திருக்கிறேன். முன்சக்கரத்தில் பிரேக் டிரம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு என்னிடம் வந்து சொல்லுங்கள். பின்பலகை மட்டும் இன்னும் ஒட்டவில்லை, அதனால் யாரும் கையில் தூக்க வேண்டாம். கேள்விகளுக்கு நேரம் இருக்கிறது என்று தலைவர் சைகை காட்டுகிறார். முதலில் பிள்ளைகள் கேட்கட்டும்.